பத்து சதவீதத்துக்குள் பதுங்கியிருப்பது

ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் நெருங்கினால் பல்கலைக்கழக நூலகங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்கும்: "பர்சன்டேஜ் எவ்வளவு வந்துச்சு?" ஏழு, எட்டு என்றால் ஆய்வாளரின் முகம் தெளிந்துவிடுகிறது. பத்தைத் தாண்டினால் அன்று இரவே சொற்களை மாற்றும் வேலை தொடங்குகிறது. "அழிந்தது" என்பது "சிதைந்தது" ஆகிறது, "முக்கியமான" என்பது "இன்றியமையாத" ஆகிறது. மறுநாள் ஒப்புமை பார்க்கும் மென்பொருள் ஒன்பது என்று காட்டியதும் ஆய்வேடு பைண்டிங்குக்குப் போய்விடுகிறது. எந்த வரி யாருடையது, எந்தக் கருத்து எந்த நூலிலிருந்து வந்தது என்று அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த நிம்மதிக்கு விதியிலும் ஆதாரம் இல்லை, மென்பொருளிலும் இல்லை. இதை நம்பிப் பட்டம் வாங்கியவர்களைக் காலம் பின்தொடர்ந்து வருகிறது.

முதலில் விதியைப் பார்க்கலாம். உயர்கல்வி நிறுவனங்களில் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கான விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் வெளியிட்டது. ஆய்வேடுகளுக்கு அது நான்கு படிகளை வகுக்கிறது. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆசிரியர்கள் வெளியிடும் கட்டுரைகளுக்கும் இதே எல்லைகள்தான். 10ஐத் தாண்டினால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். ஒப்புமை 40ஐத் தாண்டினால் ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போகும், இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய ஆய்வு மாணவர்களை எடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் இரண்டு ஊதிய உயர்வுகள் போகும், புதிய மாணவர்களை எடுக்க முடியாத காலம் மூன்று ஆண்டுகளாகும்.

இந்தப் பட்டியல் எல்லா ஆய்வாளர்களுக்கும் மனப்பாடம். இதே விதிமுறையில் இருக்கும் வேறு சில வரிகளைப் படித்தவர்கள் மிகக் குறைவு. ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், கண்டறிந்தவை, முடிவுகள், பரிந்துரைகள் ஆகியவை ஆய்வாளரின் சொந்தச் சிந்தனையில் உருவாகியிருக்க வேண்டும், அவற்றில் எந்த ஒப்புமையும் இருக்கக் கூடாது என்கிறது அது. பொதுவாகத் தெரிந்த செய்திகளுக்கும் தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களுக்கும் மட்டும் தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்கள் வரை விலக்கு தருகிறது. அப்படியென்றால் பத்து சதவீதம் என்பது பிறர் எழுத்தைச் சொல்லாமல் எடுத்துக்கொள்வதற்கான ஒதுக்கீடு ஆகாது. முந்நூறு பக்க ஆய்வேட்டில் அது முப்பது பக்கம். ஒருவரின் முடிவுரை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

பதினான்கு சொல் என்ற கணக்கும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்டதுபோல்தான் தெரிகிறது. வேற்றுமை உருபும் காலமும் சாரியையும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்து நிற்கும் தமிழில், பதினான்கு சொற்களுக்குள் ஒரு நீண்ட வாக்கியமே முடிந்துவிடும். ஒருவர் பல ஆண்டு உழைத்துக் கண்டடைந்த முடிவு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கலாம்.

இன்னொரு பிரிவும் உண்டு. பட்டம் கொடுத்த பிறகு திருட்டு நிரூபிக்கப்பட்டால், நிறுவனக் குழு பரிந்துரைக்கும் காலத்துக்கு அந்தப் பட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும். பட்டம் வாங்கி எத்தனை ஆண்டுக்குள் புகார் வர வேண்டும் என்று அதில் எந்த வரம்பும் இல்லை.

இனி மென்பொருள். இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை பார்க்கும் மென்பொருளைத் தருவதற்காக சோத்சுத்தி என்ற திட்டம் 2019இல் தொடங்கியது. முதலில் உர்குண்டு என்ற மென்பொருள் வந்தது. பின்னர் அது ஒரிஜினல் என்று பெயர் மாறி, டர்னிடின் நிறுவனத்தின் கைக்குப் போனது. எந்தப் பெயரில் வந்தாலும் இந்த வகை மென்பொருள் செய்யும் வேலை அடிப்படையில் ஒன்றுதான். நாம் கொடுக்கும் எழுத்துத் தொடர்களைத் தன்னிடம் உள்ள எழுத்துத் தொடர்களோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகும் இடங்களைக் காட்டும். அது காட்டுவது ஒப்புமை. திருட்டா இல்லையா என்று படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவர் மனிதர். ஜெர்மனியில் பல ஆண்டுகளாக இத்தகைய மென்பொருள்களைச் சோதித்துவரும் பேராசிரியர் டெபோரா வேபர்-வுல்ஃப் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். அவரும் பிற நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து பதினைந்து மென்பொருள்களை எட்டு மொழிகளில் சோதித்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த எட்டில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை.

தமிழ் ஆய்வேட்டில் இந்த எண் இரண்டு பக்கமும் தவறாகக் காட்டும். புறநானூற்றைப் பற்றி எழுதுபவர் பாடல்களை மேற்கோள் குறிக்குள் இட்டு, எண்ணையும் கொடுத்து, நேர்மையாகப் பயன்படுத்தியிருப்பார். மேற்கோளை விலக்கும் அமைப்பைச் சரியாகச் செய்யாவிட்டால் சதவீதம் ஏறிவிடும். எண்ணைப் பார்த்து மிரண்டு, பாடலையே நீக்கிவிட்டுப் பொழிப்புரையை மட்டும் வைக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆய்வின் முதன்மைச் சான்றே அங்கே பலியாகிவிடுகிறது.

மறுபக்கம் இதைவிட மோசம். தமிழ் ஆய்வுகளில் பெரும்பகுதி மென்பொருளின் கண்ணுக்கே படுவதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, கணினிக்குள் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத்தான் கிடக்கும். அதை யூனிகோடுத் தமிழோடு ஒப்பிட முடியாது. பழைய ஆய்வேடுகள் பலவும் பக்கங்களைப் படமெடுத்த கோப்புகளாக இணையத்தில் ஏற்றப்பட்டவை. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் வந்த ஆய்விதழ்களும் கருத்தரங்கத் தொகுதிகளும் நூலக அலமாரியில் மட்டுமே இருக்கின்றன. இவற்றிலிருந்து பத்துப் பக்கத்தை அப்படியே எடுத்து வைத்தாலும் மென்பொருள் பூஜ்யம் என்று காட்டக்கூடும். ஆங்கில நூலிலிருந்து மொழிபெயர்த்து வைத்தாலும் அப்படித்தான். ஆகவே தமிழில் எழுதிய ஆய்வேட்டுக்கு ஐந்து சதவீதம் என்று வந்த சான்றிதழ் ஏறக்குறைய எதையும் நிரூபிக்காது.

இன்றைக்குத் தெரியவில்லை என்பதால் என்றைக்கும் தெரியாது என்று இருந்துவிட முடியுமா? எழுத்துருவை மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் படித்தெடுக்கும் நுட்பம் ஆண்டுக்கு ஆண்டு தேறிவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய நூல்களை ஏற்றிக்கொண்டே இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் பல லட்சம் ஆய்வேடுகள் யாரும் இறக்கிப் படிக்கும் வகையில் இருக்கின்றன. இன்று சமர்ப்பிக்கும் ஆய்வேடும் அங்கே போய்ச் சேரும். இருபது ஆண்டு கழித்து வரும் கருவி அதை மறுபடியும் படிக்கும்.

இருபது ஆண்டு என்று பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஹங்கேரியின் குடியரசுத் தலைவராக இருந்த பால் ஷ்மிட் வாள்வீச்சில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். நவீன ஒலிம்பிக் போட்டிகளைப் பற்றி 1992இல் எழுதிய ஆய்வேட்டுக்காக முனைவர் பட்டம் பெற்றார். 2012 ஜனவரியில் ஒரு வார இதழ் அந்த ஆய்வேட்டைக் கையில் எடுத்தது. 215 பக்கங்களில் சுமார் 180 பக்கம், நிகோலாய் ஜார்ஜியெவ் என்ற பல்கேரிய ஆய்வாளர் பிரெஞ்சில் எழுதியதோடு ஒத்துப்போனது. ஒரு ஜெர்மானியப் பேராசிரியரின் எழுத்திலிருந்து இன்னும் 17 பக்கம். மொழிபெயர்த்துவிட்டதால் இருபது ஆண்டு அது கண்ணில் படாமல் கிடந்தது. மார்ச் 29இல் செம்மெல்வெய்ஸ் பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. ஏப்ரல் 2இல் அவர் பதவி விலகினார். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வழக்கையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனியின் கல்வி, ஆராய்ச்சித் துறை அமைச்சராக இருந்த அன்னெட்டே ஷாவானின் ஆய்வேடு 1980இல் எழுதியது. தலைப்பு மனிதரையும் மனசாட்சியையும் பற்றியது. கணினியில் தேடுவது என்ற பேச்சே இல்லாத காலம். 2012இல் பெயர் சொல்லாத ஒருவர் அதைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்து இணையத்தில் வைத்தார். 2013 பிப்ரவரியில் டூசல்டார்ஃப் பல்கலைக்கழகம் பட்டத்தை நீக்கியது. நான்கு நாளில் அமைச்சர் பதவியும் போனது. வழக்குப் போட்டார். 2014இல் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் முடிவு சரி என்றது. முப்பத்து மூன்று ஆண்டு கழிந்துவிட்டது என்ற வாதம் அவரைக் காப்பாற்றவில்லை.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கார்ல்-தியோடோர் சூ குட்டன்பெர்க்கின் கதை. பேய்ராய்ட் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் மிக உயர்ந்த தகுதியோடு முனைவர் பட்டம் வாங்கியவர். ஆய்வேடு 2009இல் நூலாக வந்தது. 2011 பிப்ரவரியில் பிரேமன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் அந்திரேயாஸ் ஃபிஷர்-லெஸ்கானோ மதிப்புரை எழுதுவதற்காக அதைப் படித்தபோது, மேற்கோள் காட்டாத பகுதிகள் கண்ணில் பட்டன. செய்தி வெளியானதும் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் இணையத்தில் கூடி, ஒவ்வொரு பக்கத்தையும் மூலங்களோடு ஒப்பிட்டார்கள். அவர்களுடைய கணக்கில் 393 பக்கங்களில் 371 பக்கங்களில் திருட்டு இருந்தது. முன்னுரையின் தொடக்கமே 1997இல் ஒரு நாளிதழில் வந்த, பேராசிரியர் பார்பரா சேன்ஃபென்னிக் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தது. நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவு உறுப்பினர்களின் பயன்பாட்டுக்காகத் தயாரித்த அறிக்கைகளும் உள்ளே வந்திருந்தன. மார்ச் 1இல் பதவி விலகினார்.

அவர் பிறகு சொன்ன விளக்கத்தைத்தான் ஒவ்வொரு ஆய்வாளரும் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகள், பல கணினிகள், எண்பதுக்கும் குறையாத வட்டுகளில் குறிப்புகளைச் சேர்த்துவைத்ததில் எது தன்னுடையது, எது பிறருடையது என்று குழம்பிவிட்டது என்றார். பல்கலைக்கழகக் குழு இதை ஏற்கவில்லை. வேண்டுமென்றே ஏமாற்றியதாகவே முடிவு சொன்னது. அவர் விஷயத்தில் அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன குழப்பம் உலகில் இல்லாத ஒன்று அல்ல. ஏமாற்றும் எண்ணமே இல்லாத மாணவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அந்தக் குழப்பம் எழுதும்போது நடப்பதில்லை, குறிப்பெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. முதலாண்டில் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு நூலிலிருந்து நல்ல பத்தி ஒன்றை நோட்டில் எழுதிக்கொள்கிறோம். மேற்கோள் குறி போடுவதில்லை, பக்க எண் எழுதுவதில்லை. கீழே நம் சொந்த எண்ணம் இரண்டு வரி. மூன்றாம் ஆண்டில் நோட்டைப் புரட்டும்போது இரண்டும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் நம்முடையதாகவே தெரிகின்றன. அலைபேசியில் படம் எடுத்து வைப்பவர்களுக்கும் இதே கதிதான். அட்டைப்படம் ஒரு கோப்பில், பக்கம் இன்னொரு கோப்பில் கிடக்கும். குறிப்பு எடுக்கும் நேரத்திலேயே மூன்று வேறுபாடுகளைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்துவிட வேண்டும்: அப்படியே எடுத்த வரி, நம் சொற்களில் எழுதிய அவர் கருத்து, நம் கருத்து. முதலிரண்டுக்கும் பக்க எண் இல்லாமல் அந்த நூலை மூடக் கூடாது. நிறமோ குறியோ, எது வசதியோ அது. நெறியாளர் முதல் மாதத்தில் மாணவரின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தாலே இந்தப் பழக்கத்தைத் திருத்திவிடலாம். அப்படிக் கேட்கும் நெறியாளர்கள் மிகச் சிலரே என்பது வருத்தமான உண்மை.

அடுத்த பொறி, ஒரு அடிக்குறிப்பைப் போட்டுவிட்டு அதன் மறைவில் நான்கு பக்கம் எடுப்பது. ஜெர்மனியில் இதற்குச் சதுரங்கத்தில் சிப்பாயைப் பலிகொடுப்பதைக் குறிக்கும் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நூலாசிரியரின் பெயரைச் சொல்லிவிட்டால், அவரைத் தொடர்ந்து எடுத்தாள்வது வாசகருக்குத் தெரியாது. துணைநூற்பட்டியலில் பெயர் இருக்கிறதே என்பார்கள். பட்டியலில் இருப்பது போதாது. எந்த வரியில் அவர் தொடங்கினார், எந்த வரியில் முடித்தார் என்று பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

சொல்லை மாற்றி எழுதினால் போதும் என்பதுதான் எல்லாவற்றிலும் பரவலான நம்பிக்கை. விளக்குவதற்காக நானே ஒரு வாக்கியம் எழுதுகிறேன். இது ஒரு நூலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "ஏரிப் பாசனம் சிதைந்ததற்கு மழை குறைந்தது மட்டும் காரணமல்ல, மடையைக் காத்த ஊர்ப் பொறுப்புகள் வலுவிழந்ததும், கரையைச் செப்பனிடும் உழைப்பு கூலி வேலையாக மாறியதும் அதைவிடப் பெரிய காரணங்கள்."

ஆய்வேட்டில் இப்படி வருகிறது: "ஏரிப் பாசனம் அழிந்துபோனதற்கு மழைக்குறைவு ஒன்றே காரணமில்லை, மடையைப் பாதுகாத்த கிராமப் பொறுப்புகள் நலிவுற்றதும், கரையைச் சீர்செய்யும் பணி கூலி வேலை ஆனதும் முதன்மைக் காரணங்களாகும்." மென்பொருள் இதைக் கண்டுபிடிக்காது. ஆனால் எலும்புக்கூடு முழுவதும் மூல ஆசிரியருடையது. எதை முதலில் மறுக்க வேண்டும், எந்த இரண்டு காரணங்களை இணைக்க வேண்டும், எதைப் பெரிதாகக் கொள்ள வேண்டும் என்று யோசித்தவர் அவர். நாம் மாற்றியது தோலை மட்டும். அடிக்குறிப்பு போட்டாலும் குறை முழுவதும் தீராது. வாக்கியம் நம்முடையது என்ற தோற்றம் அப்படியே இருக்கும்.

நேர்மையாக எழுதினால் இப்படி இருக்கும்: "ஏரிகளின் சிதைவை மழையோடு மட்டும் இணைத்துப் பார்ப்பதை இன்ன ஆசிரியர் மறுக்கிறார். ஊர்ப் பொறுப்புகளின் வீழ்ச்சியும் உழைப்பு கூலியாக மாறியதுமே முக்கியக் காரணங்கள் என்பது அவர் முடிவு (ப. இத்தனை). அவர் ஆராய்ந்தது ஆற்றுப் பாசனம் எட்டாத ஊர்களை. கால்வாய் நீரும் வந்துசேரும் ஏரிகளுக்கு இந்த முடிவு பொருந்துகிறதா என்று இந்த இயல் பார்க்கிறது." இங்கே ஆசிரியர் வெளிப்படையாக வந்துவிட்டார். அவருக்கும் நமக்கும் நடுவே கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நம் ஆய்வே தொடங்குகிறது. கடன் சொல்லிவிட்டால் தன்னுடையது என்று எதுவும் மிஞ்சாதே என்ற பயம் பல மாணவர்களுக்கு உண்டு. மிஞ்சவில்லை என்றால் பிரச்சினை மேற்கோளில் இல்லை, ஆய்வு இன்னும் தொடங்கவில்லை என்று பொருள்.

மேற்கோள் காட்டுவதிலேயே ஒரு பொய் ஒளிந்திருக்க முடியும். படிக்காத நூலைப் படித்ததுபோல் அடிக்குறிப்பில் காட்டுவது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் இதை எளிய வழியில் அளந்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற காஸ்டர்லிட்ஸ், தவ்லெஸ் ஆகியோரின் 1973ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுமார் 4,300 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றில் 196 இடங்களில் ஆண்டோ தொகுதியோ பக்கமோ தவறாக இருந்தது. ஆளாளுக்கு மூலத்தைப் பார்த்து எழுதியபோது கை தவறியிருந்தால் தவறுகள் வேறு வேறாக இருந்திருக்க வேண்டும். வேறுபட்ட தவறுகள் மொத்தமே 45தான். ஒரே தவறு 78 முறை திரும்ப வந்திருந்தது. ஒருவர் துணைநூற்பட்டியலிலிருந்து இன்னொருவர் பெயர்த்தெழுதியதன் தடயம் அது. இந்தக் கணக்கை விரித்து, மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படித்திருப்பார் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இதன் விளைவு பக்க எண்ணோடு நிற்பதில்லை. பசலைக்கீரையில் இரும்புச்சத்து மிகுதி என்ற நம்பிக்கை, பழைய ஆய்வு ஒன்றில் தசமப் புள்ளி இடம் மாறியதால் வந்தது என்ற கதையைப் பலர் கேட்டிருப்பார்கள். 1981இல் டெரன்ஸ் ஹாம்ப்ளின் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சான்று காட்டாமல் அதை எழுதினார். பிறகு அது கட்டுரைக்குக் கட்டுரை தாவியது. 2010இல் மைக் சட்டன் மூலத்தைத் தேடிப் போனபோது, அப்படி ஒரு புள்ளி தவறியதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. கவனக்குறைவை எச்சரிக்கச் சொல்லப்பட்ட கதையே கவனக்குறைவால் பரவியது என்பதை நார்வே ஆய்வாளர் ஓலே பியோர்ன் ரெக்தால் 2014இல் விரிவாக எழுதினார். இன்னொருவர் நூலில் கண்ட மேற்கோளை எடுத்தால், "இன்னார் எடுத்துக்காட்டியது" என்று எழுத ஒரு வரிதான் ஆகும். அந்த ஒரு வரி பின்னால் வருபவரைத் தவறான பாதையிலிருந்து காப்பாற்றும்.

இல்லாத கட்டுரைக்கும் மேற்கோள் சேர்ந்த வரலாறு உண்டு. எல்சேவியர் பதிப்பகம் துணைநூற்பட்டியலின் வடிவத்தைக் காட்ட ஒரு கற்பனைக் கட்டுரையை மாதிரியாக வைத்திருந்தது. தலைப்பு அறிவியல் கட்டுரை எழுதும் கலை, ஆண்டு 2000. உலகில் எங்கும் இல்லாத இந்தக் கட்டுரை ஏறக்குறைய 400 முறை மேற்கோள் காட்டப்பட்டிருப்பதை 2017இல் பேராசிரியர் ஆன்-வில் ஹார்சிங் எழுதினார். மாதிரிப் படிவத்தில் இருந்ததை அழிக்காமலேயே பலர் அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் மட்டுமா, படித்துத் தேர்வு செய்தவரும் பார்க்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்தபின் இந்த ஆபத்து பல மடங்கு பெருகிவிட்டது. தெரிந்த ஆசிரியர், இருக்கும் பதிப்பகம், பொருத்தமான ஆண்டு, இல்லாத நூல் என்று நம்பும்படியான துணைநூற்பட்டியலை அவை நொடியில் செய்து தரும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த, நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். தமிழ் நூல்களைப் பொறுத்தவரை ஆய்வாளர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இணையத்தில் இல்லாத தமிழ் நூல்கள் ஏராளம் என்பதால், தேடிக் கிடைக்கவில்லை என்றாலும் எங்காவது இருக்கும் என்று நம்பிவிடத் தோன்றும். கையில் எடுக்காத நூலைப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பது ஒன்றே இதற்கு வழி.

மென்பொருளை ஏமாற்றும் மென்பொருளும் வந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுக்கும் கருவியில் கட்டுரையைப் போட்டு எடுத்தவர்களை, 2021இல் கில்லோம் கபானாக்கும் உடன் ஆய்வாளர்கள் இருவரும் விநோதமான வழியில் கண்டுபிடித்தார்கள். கருவி, துறைச்சொல் எது என்று தெரியாமல் அதையும் மாற்றிவிட்டிருந்தது. மார்பகப் புற்றுநோய் நெஞ்சின் பேராபத்து என்கிற மாதிரியும், செயற்கை நுண்ணறிவு போலி உணர்வு என்கிற மாதிரியும் ஆகியிருந்தன. இவை ஆய்விதழ்களில் அச்சாகியும் இருந்தன. அந்தச் சொற்களை மட்டும் தேடியே அவர்கள் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை அடையாளம் கண்டார்கள். மறைப்பதற்குச் செய்த வேலையே காட்டிக்கொடுத்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். அறிஞர்கள் பலரின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றை யாரும் பதிப்பிக்கலாம், உரிமத்தொகை தர வேண்டியதில்லை. இதை வைத்து, நாட்டுடைமை நூலிலிருந்து எடுக்க யாரையும் குறிப்பிட வேண்டியதில்லை என்று நினைப்பவர்களைக் காண்கிறேன். பதிப்புரிமை என்பது சட்டமும் பணமும் சார்ந்தது. யார் சொன்னது என்பது உண்மை சார்ந்தது. உரிமை காலாவதி ஆகலாம், எழுதியவர் மாறிவிட மாட்டார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உரையாசிரியரிடமிருந்து எடுத்தாலும் பெயர் சொல்லாவிட்டால் திருட்டுதான்.

நம் மரபில் இது புதிய கோரிக்கையும் இல்லை. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளில் வழி என்பதையும் நன்னூல் வைத்திருக்கிறது. இந்த நூல் எந்த நூலின் வழியில் வந்தது என்று முகப்பிலேயே சொல்லிவிட வேண்டும். புறத்திரட்டு என்ற பழைய தொகுப்பு, பாடலோடு அது எந்த நூலில் உள்ளது என்பதையும் குறித்து வைத்தது. ஆசிரியமாலை, தகடூர் யாத்திரை போன்ற நூல்கள் முழுமையாகக் கிடைக்காமல் போன பிறகும், அவற்றின் பாடல்கள் சிலவற்றை நாம் அடையாளம் காண்பதற்கு இந்தக் குறிப்பு உதவியது. பெயரை விட்டுவிட்டுப் பாடலை மட்டும் எடுத்திருந்தால் அந்த நூல்கள் இருந்த சுவடு இன்னும் மங்கியிருக்கும்.

பழி முழுவதையும் மாணவர் தலையில் போடவும் கூடாது. தன்னிடம் ஆய்வு செய்பவரின் பணி திருட்டு அற்றது என்று நெறியாளர் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது 2018 விதிமுறை. மென்பொருள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர், தான் படிக்காத ஒன்றுக்கு உறுதி தருகிறார். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கும் அமைப்பும், முதலாண்டில் மேற்கோள் முறையைக் கற்பிக்காமல் ஐந்தாம் ஆண்டில் சதவீதம் கேட்கும் துறைகளும் இந்த நோயை வளர்க்கின்றன. நார்வேயில் 2024 ஜனவரியில் உயர்கல்வி அமைச்சர் சாண்ட்ரா போர்க் பதவி விலகினார். தன் பழைய தேர்வுத் தாளில் எழுதியதை மீண்டும் பயன்படுத்திய ஒரு மாணவி மீதான வழக்கை அவருடைய அமைச்சகம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயிருந்தது. அதைக் கண்டு வேறொரு மாணவர் அமைச்சரின் 2014ஆம் ஆண்டு முதுநிலை ஆய்வேட்டை எடுத்துப் படித்தார். பிறர் எழுத்துக்கள் குறிப்பின்றி இருந்தது அப்படித்தான் தெரியவந்தது. கற்பிக்கும் பொறுப்பில் உள்ளவர்களின் ஆய்வேடுகளும் களஞ்சியத்தில்தான் இருக்கின்றன, மாணவர்கள் அவற்றையும் படிப்பார்கள்.

இந்த ஆண்டு சமர்ப்பிக்கப் போகிறவர்கள் மென்பொருளிடம் போவதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆய்வேட்டின் ஒவ்வொரு அடிக்குறிப்புக்கும் உரிய நூலை மேசையில் எடுத்து வைத்து, பக்கத்தைத் திறந்து, வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். அடிக்குறிப்பே இல்லாத பத்திகளில் இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். விடை ஒரு நூலின் பெயராக இருந்தால் அங்கே அடிக்குறிப்பு விட்டுப்போயிருக்கிறது. நூலகத்தில் சில வாரம் பிடிக்கும், சமர்ப்பிக்கும் தேதியும் தள்ளிப்போகலாம். ஏற்கெனவே பட்டம் வாங்கி, அந்த ஆய்வேட்டை நூலாக்க நினைப்பவர்களுக்கும் இதே வேலை இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் விட்டுப்போன பெயர்களைச் சேர்த்து, முன்னுரையில் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். வேறொருவர் சுட்டிக்காட்டிய பிறகு சேர்த்தால் அதைத் திருத்தம் என்று எந்தக் குழுவும் ஏற்காது.